அடைப்பெடுப்புத் தொடக்க விழா

எங்கள் தெருவுக்கு வருஷத்தில் மூன்று பருவம். தண்ணீர் இல்லாத காலம், தண்ணீர் வீட்டுக்குள் வரும் காலம், இந்த இரண்டைப் பற்றியும் கூட்டம் போடும் காலம். முதல் இரண்டும் சேர்ந்து நாலு மாதம். மிச்சம் எட்டு மாதமும் கூட்டம்தான்.

நான் தையல்காரி. தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிறது. முடிகிற இடம் என் வாசல். முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, நூல்கண்டு அடுக்கிய பலகை. பின்னறையில் நானும் என் தங்கையும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வெளியூர். வீட்டுக்குள் தண்ணீர் வரும் நாளெல்லாம் எப்படியோ அந்த இருபதில்தான் விழும். நான் அவரைச் சந்தேகப்படவில்லை. கவனித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாற்பது வீட்டு மாடித் தண்ணீரும் தெருவோடு இறங்கி வந்து என் வாசலுக்கு எதிரே இருக்கிற வடிகாலுக்குள்தான் போக வேண்டும். வடிகாலுக்கு ஒரு இரும்பு மூடி. மூடிக்குக் கீழே வருஷம் பூராவும் சேர்ந்த இலை, பால் கவர், பந்து, ஒற்றைச் செருப்பு. மழைக்கு முன்னால் அதை ஒரு தடவை எடுத்துவிட்டால் தண்ணீர் அதன் பாட்டுக்குப் போய்விடும். எடுக்கவில்லை என்றால் அது என் வீட்டைப் பார்க்க வரும்.

இது நெருக்கமான தெரு. யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது என்பது மூன்றாவது வீட்டுக்குத் தெரியும். யார் யாரோடு பேசுவதில்லை என்பது பேசாதவர்களுக்கு முன்பே மற்றவர்களுக்குத் தெரியும். போன வருஷம் என் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றதும் மெஷின் மோட்டார் ஒன்று எரிந்து போனதும் மட்டும் எப்படியோ யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. நானே போய்ச் சொன்னேன். சங்கத் தலைவர் என் தோளைத் தட்டாத குறையாக, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார்.

அவரை எல்லோரும் மேனேஜர் என்போம். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் இன்றைக்கும் யாராவது எதையாவது கேட்டால், உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருகிறவர் மாதிரி ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு "பாத்துக்கலாம்" என்பார்.

அடைப்பு எடுக்கிறவர் ஒருவர் உண்டு. தெருவுக்குப் பின்னால், குழாய்ச் சாமான் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நீளமான இரும்புக் கம்பி, ஒரு கொக்கி, ஒரு வாளி, இவ்வளவுதான் அவர் சொத்து. தெருவே அவரை 'அடைப்பு' என்றுதான் கூப்பிடும். "அடைப்பு வந்தாரா?", "அடைப்பைக் கூப்பிடு." நாற்பது வீட்டில் எதற்கும் அடைப்பாக இல்லாத ஒரே மனுஷருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தோம்.

வழக்கமாக யாராவது போய்ச் சொல்வார்கள், அவர் வந்து எடுத்துவிட்டுப் போவார். ஒன்றரை மணி நேர வேலை. போன வருஷம் யார் போய்ச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்ததிலேயே மழை வந்துவிட்டது. இந்த வருஷம் இன்னும் மோசம். பக்கத்துத் தெருக்காரர்கள் அவர்கள் வடிகாலை எடுப்பதற்கு ஒரு விழா நடத்தி, அது படத்தோடு பேப்பரில் வந்துவிட்டது. மேனேஜர் அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். பிறகு சங்கக் கூட்டம் கூடியது. 'அடைப்பெடுப்புத் தொடக்க விழா' நடத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம். எங்கள் தெருவில் ஏகமனதாக நடந்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்று அறுபது சீருடை தைக்க எடுத்திருந்தேன். விழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அடுத்த வருஷமும் எனக்கே வரும். சேறு பட்ட துணியோடு போய் நின்றால் ஆயுசுக்கும் வராது. மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று வானம் தினமும் சாயங்காலம் கறுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. நான் அடைப்பைத் தேடிப் போனேன்.

"அண்ணே, சத்தம் காட்டாம இன்னிக்கே வந்து எடுத்துருங்களேன்."

அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நேத்தே வரலாம்னுதான் கிளம்பினேன் தங்கச்சி. மேனேஜர் தடுத்துட்டாரு. விழாவுக்கு முன்னாடியே எடுத்துட்டா அன்னிக்கு எதைத் தொடங்கி வைக்கிறதுன்னு கேக்குறாரு."

"மழை வந்துட்டா?"

"அதையும் கேட்டேன். பாத்துக்கலாம்னாரு."

அங்கிருந்து நேரே சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மருந்துக்கடை மாடியில் நடந்தது. மாத்திரை அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வடிகாலைப் பற்றி அல்ல, அழைப்பிதழைப் பற்றி. தலைமை மேனேஜர் என்பது முடிவாகியிருந்தது. மருந்துக்கடைக்காரர் சங்கச் செயலாளர், அவருக்கு முன்னிலை. அவர் அச்சடித்து வந்த முதல் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"முன்னிலைன்னா என்ன சார் அர்த்தம்?" என்றார்.

"முன்னிலைன்னா... முன்னிலைதான்," என்றார் மேனேஜர்.

"முன்னாடி நிக்கிறவன்தானே முன்னிலை? அப்புறம் ஏன் சார் என்னைத் தலைமைக்குக் கீழ போட்டிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. நியாயமான கேள்வி என்று நாலு பேர் தலையாட்டினார்கள். தமிழ் படித்த மனுஷர் வேண்டும் என்று மாடிவீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். டீச்சர், முன்னிலை என்பது இலக்கணப்படி நீ, நீர், நீங்கள் என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் பேசி, தனக்கு வரவேற்புரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது அழைப்பிதழில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இடது பக்கம் யார் என்று சண்டை வந்தது. கண் முதலில் போவது இடது பக்கம்தானாம். அதற்குள் வாழ்த்துரைக்கு ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். வாழ்த்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது அழைப்பிதழ்தான் அற்புதம். யாரும் மேலே இல்லை, யாரும் கீழே இல்லை என்று பெயர்களை எல்லாம் ஒரு வட்டமாகச் சுற்றிப் போட்டுவிட்டார்கள். வட்டத்தின் அடியில் வந்த வாழ்த்துரைக்காரர் தன் பெயர் தலைகீழாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மேனேஜரே அவர் வீட்டுக்குப் போய், "அழைப்பிதழைத் திருப்பிப் பிடிச்சுப் பாருங்க, நீங்கதான் உச்சியில இருக்கீங்க" என்று சமாதானம் செய்து கூட்டி வந்தார்.

இதற்கெல்லாம் மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேர வேலைக்கு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வட்ட அழைப்பிதழ் வந்த அன்று அந்த மருந்துக்கடை மாடியில் நான் சும்மா நிற்கவில்லை. "உங்க அழைப்பிதழ் வட்டமா இருந்தா என்ன, சதுரமா இருந்தா என்ன? என் வீட்டுல தண்ணி வரப்போகுது" என்று கத்தினேன். டீச்சர் மேனேஜரின் காதில் எதையோ சொன்னார். மேனேஜர் கண்ணை மூடித் திறந்து, "நன்றியுரைக்கு இன்னும் ஆள் போடலை. அதை நீயே பண்ணிடும்மா. பாதிக்கப்பட்டவங்க நன்றி சொன்னா நல்லா இருக்கும்" என்றார்.

இன்னும் பாதிக்கப்படவே இல்லையே, அதற்குள் நன்றியா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு குளிர்ந்துவிட்டது. வட்டத்தில் நன்றியுரைதான் கடைசி. சுற்றி வந்ததில் அது தலைமைக்குப் பக்கத்தில், நேராக, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. அழைப்பிதழ் கைக்கு வந்ததும் வெட்டு மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். துணி கொடுக்க வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி ஒட்டினேன். பள்ளிக்கூடத்து ஆள் அளவு சரிபார்க்க வந்தபோது, பார்க்காமல் போய்விடப் போகிறாரே என்று விளக்கைக்கூடப் போட்டேன்.

என் தங்கை காஜா எடுத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வாயைவிடக் கண் நீளம்.

"அடைப்பைப் போய்க் கூப்பிட்டுட்டு வரேன்னு தினமும் கிளம்புவியே, ஒரு வாரமாக் காணோமே?" என்றாள்.

"இன்னும் அஞ்சு நாள்தானே" என்றேன். எனக்கும் கண்ணை மூடித் திறக்க வந்துவிட்டது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. தெரு முடிகிற இடத்தில்தான் அகலம் அதிகம் என்று என் வாசலுக்கு எதிரே மேடை போட்டார்கள். நாலு இரும்பு டிரம், மேலே பலகை, பலகைமேல் சிவப்பு விரிப்பு, விரிப்பின்மேல் பத்து நாற்காலி. மேலே தார்ப்பாய். கம்பியில்லாத மைக் ஒன்று, பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி ஒன்று. கீழே ஐம்பது நாற்காலியில் தெருவே உட்கார்ந்திருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டுக்காரர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்க்காத தூரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

அடைப்பு கம்பியும் வாளியுமாக ஓரத்தில் நின்றார். துவைத்த சட்டை போட்டிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் வந்தார்.

"ஐயா, மூடி எங்க?"

மேனேஜருக்குப் புரியவில்லை. "எந்த மூடி?"

"வடிகால் மூடி. அதைத் திறந்தாத்தானே எடுக்க முடியும்?"

மேடையில் இருந்த பத்துப் பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தோம். மூடி எங்களுக்கு நேர் கீழே இருந்தது. அதன்மேல் விரிப்பு, பலகை, டிரம், தலைமை, முன்னிலை எல்லாம் இருந்தன.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் சுதாரித்தார். "இன்னிக்குத் தொடக்க விழாதானே? ரிப்பன் வெட்டிடுவோம். எடுக்கிறதை நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நல்ல யோசனை," என்றார் மேனேஜர். மூன்று வாரத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான். அடைப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

டீச்சர் வரவேற்றார். வந்தவர்களை வரவேற்றார், வராதவர்களை வரவேற்றார், வர நினைத்து வர முடியாமல் போனவர்களையும் வரவேற்றார். நாற்பது நிமிஷம். தண்ணீர் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று அவர் தொடங்கியபோது முதல் துளி விழுந்தது. மூன்றாவது அர்த்தத்தில் மழை பிடித்துக்கொண்டது.

ஒரு ஆள் எழுந்திருக்க வேண்டுமே! மாட்டார்கள். வாழ்த்துரை ஆறு பேருக்கும் இன்னும் முறை வரவில்லை. மேடைக்குக் கீழே இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் நெருக்கினார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் இலையைத் தள்ளிக்கொண்டு வந்தது, பிறகு பிஸ்கட் கவர், பிறகு யாருடையதோ மிதியடி. போக வழி இல்லாமல் மேடையைச் சுற்றி நின்றது. நின்று, என் வாசற்படியைப் பார்த்தது. முதல் வாழ்த்துரைக்காரர், "இந்த மழையே நம் விழாவை வாழ்த்துகிறது" என்றார். கை தட்டினார்கள்.

அப்போது என் தங்கை வாசலில் வந்து நின்று அலறினாள்.

"அக்கா! உள்ள வந்துடுச்சு! சீருடை எல்லாம் கீழ கிடக்கு!"

நூற்று அறுபதும் மூட்டை மூட்டையாகத் தரையில் இருந்தன. இஸ்திரி போட்டு, எண் ஒட்டி, நாளைக்கு ஏற்றுவதற்கு வாசல் பக்கமாக நானே இழுத்து வைத்திருந்தேன். "மேடையை எடுங்க!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேனேஜரிடம் போய்க் கத்தினேன். "நன்றியுரை கடைசியிலம்மா" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. வாழ்த்துரைக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"அடுத்த நிகழ்ச்சி," என்றேன், டீச்சர் குரலில். "மேடை தூக்கும் நிகழ்ச்சி! வலது பக்க டிரம்முக்குத் தலைமை ஏற்கிறார், நமது மேனேஜர் அவர்கள்!"

தலைமை என்ற சொல் காதில் விழுந்ததும் மனுஷர் எழுந்துவிட்டார். எதற்குத் தலைமை என்று யோசிக்கிறதுக்குள் கால் இறங்கிவிட்டது.

"இடது பக்க டிரம்முக்கு முன்னிலை வகிக்கிறார், செயலாளர் அவர்கள்!"

மருந்துக்கடைக்காரர் தண்ணீரில் இறங்கி நின்று கேட்டார்: "இதுல முன்பக்கம் எது?"

"நீங்க நிக்கிறதுதான் சார் முன்பக்கம்!"

அவருக்குத் திருப்தி. வேட்டியை மடித்துக் கட்டினார். "பலகையை அகற்றி வாழ்த்துரை வழங்குவோர்!" என்று அழைப்பிதழில் இருந்த ஆறு பெயரையும் சொன்னேன். ஆறு பேரும் வந்தார்கள். தலைகீழ்க்காரரை முதலில் கூப்பிட்டேன். அவர் இரண்டு பலகை தூக்கினார். வரவேற்புரை வழங்கிய டீச்சர் அவர்கள் நாற்காலிகளை வழியனுப்பி வைப்பார் என்றேன். வழியனுப்பி வைத்தார். மூன்று வாரமாக நடக்காத காரியம் நாலு நிமிஷத்தில் நடந்தது. எல்லோருக்கும் ஒரு பட்டம், எல்லோருக்கும் மைக்கில் பெயர். இது தெரியாமல் இத்தனை வருஷம் நான் கெஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மூடி தெரிந்தது. அடைப்பு கொக்கியைப் போட்டு ஒரே இழுப்பில் தூக்கினார். கம்பியை விட்டுக் குத்தினார். ஒன்றும் ஆகவில்லை. கம்பியை வீசிவிட்டு, துவைத்த சட்டையோடு இடுப்பளவுக்கு உள்ளே இறங்கிக் கையால் வாரி வாரி வெளியே எறிந்தார். மூன்றாவது வாரலில் வடிகால் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

தெருவே கை தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நன்றியுரையைத் தொடங்கினேன். தலைமை ஏற்றவருக்கு நன்றி, முன்னிலை வகித்தவருக்கு நன்றி, வரவேற்றவருக்கும் வாழ்த்தியவர்களுக்கும் நன்றி. ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு நன்றி. தார்ப்பாய் கட்டியவருக்கு, நாற்காலிக் கடைக்காரருக்கு, பிஸ்கட் வாங்கி வந்தவருக்கு நன்றி. பொறுமையோடு நனைந்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. நன்றாகப் பேசினேன் என்று பிறகு பல பேர் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்துக்கடைக்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு அரை அடி முன்னால் நின்றார்.

உள்ளே ஓடினேன். தங்கை ஒற்றை ஆளாக மூட்டைகளை எல்லாம் வெட்டு மேஜைமேல் ஏற்றியிருந்தாள். அடியில் இருந்த மூட்டை ஒன்று மட்டும் நனைந்திருந்தது. இருபத்தேழு சட்டை. அலசிக் காய வைத்து இஸ்திரி போட்டால் காலைக்குள் கொடுத்துவிடலாம். பிழைத்தேன் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெரு கலைந்த பிறகு அடைப்பு வாசல் குழாயில் கை கால் கழுவினார். தங்கை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். சேறு படும் என்று அவர் உட்காரவில்லை. மேஜை ஓரமாக நின்று குடித்துக்கொண்டே சுவரில் ஒட்டியிருந்த அழைப்பிதழைப் படித்தார். வட்டமாக இருந்ததால் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து ஒரு முழுச் சுற்றும் படித்தார். பிறகு இன்னொரு சுற்று.

"நல்லாப் பேசின தங்கச்சி," என்றார். "பிஸ்கட் வாங்கிட்டு வந்தவரைக்கூட விடலை."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டினார். தங்கை என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் யாருக்கோ மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, என் காலடியிலிருந்து ஒரு முழ தூரத்தில், வடிகாலுக்குள் குனிந்தபடி அவர் இன்னும் வாரிக்கொண்டுதான் இருந்தார். அழைப்பிதழ் வரிசையில் அவர் இல்லை. அதனால் என் வாயிலும் வரவில்லை.

"அண்ணே..." என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அதனால என்ன?" என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் போன பிறகு அந்த அழைப்பிதழைக் கிழித்துப் போட மேஜைமேல் ஏறினேன். ஓரத்தைப் பிடித்தேன். என் பெயர் உச்சியில், நேராக, தலைமைக்குப் பக்கத்தில் இருந்தது. பசை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.